பட்டம் துறந்த பாண்டியனார்

திண்டுக்கல்லிலிருந்து செம்பட்டி வழியாக வத்தலக்குண்டு நோக்கிச் செல்வோர்க்கு மேற்குத் திசையில் கீழ்ப் பழனிமலைத் தொடர் உடன் வந்துகொண்டே இருக்கும். மலைச் சரிவுகளில் காப்பியும் ஏலமும் விளைய, அடிவாரச் சமவெளியில் நெல்லும் தென்னையும் வாழையும் செழிக்கும். மலை விளைச்சலைத் தரைக்குக் கொணர்ந்து வாணிகம் செய்து வளர்ந்த ஊர்களுள் பட்டிவீரன்பட்டி குறிப்பிடத்தக்கது. அவ்வூர் காப்பியால் பெற்ற பெயரைக் காட்டிலும், ஊ.பு.அ. சவுந்தரபாண்டியனாரால் பெற்ற பெயர் பெரிது.

அய்ய நாடார், சின்னம்மாள் இணையரின் மகனாக 15.9.1893 அன்று அவர் பிறந்தார். அந்நாளில் இப்பகுதி மதுரை மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1985இல் திண்டுக்கல் தனி மாவட்டமாக மலர்ந்ததும் அவர் பிறந்த அதே செப்டம்பர் 15ஆம் நாளில்தான் என்பது இனிய ஒற்றுமை.

அவர் பிறந்த குடும்பத்துக்குச் செல்வம் இருந்தது. அவர் பிறந்த சமூகத்துக்கோ அச்செல்வத்துக்கேற்ற மதிப்புக் கிட்டவில்லை. பேட்டைகள் அமைத்து, வணிகர் ஒவ்வொருவரும் செலுத்தும் மகமையைப் பொது நிதியாக்கி, பள்ளிகளும் கிணறுகளும் கண்டு முன்னேறிய மக்கள், கோயில் வாசலில் மட்டும் வெளியே நிறுத்தப்பட்டனர். 1897இல் கமுதிக் கோயிலுக்குள் நாடார்கள் சிலர் நுழைந்தது வழக்காயிற்று. 1899இல் சிவகாசி கலவரத் தீயில் வெந்தது. அப்போது சவுந்தரபாண்டியனார் ஐந்து வயதுச் சிறுவர். கமுதி வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, 1908இல் நாடார்களுக்கு எதிராகவே முடிந்தது. தாம் அரச மரபினர் எனச் சான்று காட்டி, தம் சமூகத்துக்கு மட்டும் வழிகேட்ட அவ்வழக்கின் தோல்வி, அடுத்த தலைமுறையின் சிந்தனைக்குப் பாடமாக அமைந்தது.

அதன்பின் எழுந்ததே நாடார் மகாஜன சங்கம். பொறையாறு இரத்தினசாமி நாடாரின் முயற்சியால் 1910இல் தோன்றிய அச்சங்கம், கல்வியையும் ஒற்றுமையையும் தன் வழியாகக் கொண்டது. அதன் பணிகளில் ஈடுபட்ட இளைஞர்களுள் பட்டிவீரன்பட்டிச் செல்வர் முன்வரிசையில் நின்றார். பிராமணரல்லாதார்க்கு ஆட்சியிலும் அலுவலிலும் உரிய பங்கு வேண்டும் என்ற நீதிக்கட்சியின் கொள்கை அவரை ஈர்த்தது. 1920ஆம் ஆண்டுத் தேர்தலில் வென்று நீதிக்கட்சி ஆட்சி அமைத்த காலத்தில், நாடார் சமூகத்தின் குரலாக அவர் சென்னை மாகாணச் சட்டசபைக்கு நியமனம் பெற்றார். அகவை முப்பதைத் தொடாத தோட்ட உரிமையாளர் ஒருவர், ஒரு சமூகத்தின் மனுவைக் கையிலேந்தி மாகாண அரசியலுக்குள் நுழைந்தது இவ்வாறுதான்.

1921ஆம் ஆண்டு அச்சமூகத்துக்கு ஒரு வெற்றியைத் தந்தது. இழிவைச் சுமந்த பழைய பெயரை நீக்கி, நாடார் என்னும் பெயரையே அரசு ஆவணங்களில் வழங்க வேண்டும் எனச் சங்கம் நெடுநாள் வற்புறுத்தி வந்தது. அவ்வாண்டு அரசு அதனை ஏற்று ஆணை பிறப்பித்தது. இரு தலைமுறை மக்கள் அவமதிப்பைத் தாங்கி, பொருளைச் செலவிட்டு, நீதிமன்றப் படிகள் ஏறி இறங்கிய பிறகு கைக்கு வந்த பெயர் அது. அப்பெயருக்கு அவர்கள் கொடுத்த விலையை நினைவிற் கொண்டால்தான், எட்டாண்டுகள் கழித்துச் சவுந்தரபாண்டியனார் செய்த செயலின் அருமை விளங்கும்.

1925இல் குடிஅரசு இதழைத் தொடங்கிய பெரியார் ஈ.வெ.ரா., அதே ஆண்டு இறுதியில் காஞ்சிபுரம் மாநாட்டோடு காங்கிரசை விட்டு விலகினார். அவர் வளர்த்த சுயமரியாதை இயக்கத்தில் சவுந்தரபாண்டியனார் உற்ற துணைவராக இணைந்தார். 1929 பிப்ரவரி 17, 18 நாட்களில் செங்கற்பட்டில் கூடிய முதலாவது மாகாணச் சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை தாங்கும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. பெண்களுக்கு ஆண்களோடு ஒத்த சொத்துரிமை, பிறப்பால் உயர்வு தாழ்வு பாராட்டாமை, பொதுச்சாலை, குளம், கிணறு ஆகியன அனைவர்க்கும் உரியன என்னும் நெறி ஆகியவற்றோடு, பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் சாதிப் பட்டங்களை விட்டொழிக்க வேண்டும் என்ற தீர்மானமும் அங்கே நிறைவேறியது. மாநாட்டின் தலைவர் தம் பெயரிலிருந்த நாடார் என்னும் சொல்லைத் தாமே நீக்கினார்.

பழம்பெருமை உடையோர் பட்டம் துறப்பது ஒருவகை. அண்மையில்தான் போராடிப் பெற்ற பட்டத்தைத் துறப்பது வேறுவகை. தம்மை அரசியலுக்கு அனுப்பிய மக்களின் பெருமிதமே அச்சொல்லில் அடங்கியிருந்தது. அதைக் களைந்தவர் அம்மக்களை விட்டு விலகவில்லை. தம் சமூகம் பெற்ற விடுதலை தமக்கும் கீழே வைக்கப்பட்டோர்க்கும் எட்டாவிடில் அது முழு விடுதலை ஆகாது என்னும் முடிவுக்கு அவர் வந்திருந்தார்.

அம்முடிவைச் செயலில் காட்டும் வாய்ப்பு, இராமநாதபுரம் ஜில்லா போர்டின் தலைமைப் பொறுப்பில் அவர் இருந்தபோது வாய்த்தது. அக்காலத்தில் தனியார் பேருந்துகள் பலவற்றில் ஆதிதிராவிடர்க்கு இடம் மறுக்கப்பட்டது. பயணச்சீட்டுக்குரிய காசைக் கையில் வைத்துக்கொண்டே அவர்கள் வெயிலில் நடந்தனர். போர்டின் சாலைகளில் பேருந்து ஓட்ட உரிமம் வழங்கும் அதிகாரம் போர்டிடமே இருந்தது. ஆதிதிராவிடரை ஏற்ற மறுக்கும் பேருந்தின் உரிமம் பறிக்கப்படும் என அவர் ஆணையிட்டார். மேடைப் பேச்சால் அசையாத உரிமையாளர்கள் இந்த ஒற்றை ஆணைக்குப் பணிய நேர்ந்தது. ஒருகாலத்தில் நாடார்களைக் கோயில் வாசலில் தடுத்து நிறுத்திய அதே மனப்பான்மை, பேருந்து வாசலில் வேறொருவரைத் தடுத்து நின்றதை அவர் அடையாளம் கண்டுகொண்டார் என்றே கொள்ள வேண்டும்.

கோயில் வாசலும் பின்னர்த் திறந்தது. 8.7.1939 அன்று மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் தலைமையில் சென்ற குழுவில், கக்கன் முதலிய தாழ்த்தப்பட்ட மக்களோடு நாடார் ஒருவரும் இருந்தார். அம்முயற்சி காங்கிரசாருடையது, சவுந்தரபாண்டியனார் சார்ந்த இயக்கத்தின் வழி வேறு. எனினும் ஓர் உண்மை அங்கே தெளிவாயிற்று. தனித்துச் சென்று வழக்காடியபோது அடைபட்ட கதவு, அனைவரும் சேர்ந்து சென்ற நாளில் திறந்தது.

தோட்டத் தொழிலிலும் பொதுப்பணியிலும் ஒருசேர உழைத்த அப்பெருமகனார் 22.2.1953 அன்று இயற்கை எய்தினார். அடுத்த ஆண்டே, 1954 ஏப்ரலில், அவர் சமூகத்தில் பிறந்த விருதுநகர் காமராசர் தமிழகத்தின் முதலமைச்சரானார். கட்சியால் இருவரும் வேறுபட்டவர்கள். ஆயினும் அந்த நாளுக்கான பாதையில் முட்களை அகற்றியவர்களுள் சவுந்தரபாண்டியனாரும் ஒருவர் என்பதை மறுக்க இயலாது.

சென்னைத் தியாகராய நகரில் பாண்டி பஜார் என மக்கள் வழங்கும் கடைவீதி, சவுந்தரபாண்டியனார் அங்காடி என அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அங்கே பட்டம் இல்லை. சங்கமோ இன்றும் தன் பழைய பெயரோடுதான் இயங்குகிறது. அவரைப் போற்றுவோரிற் சிலர், அவர் 1929இல் கழற்றி வைத்த சொல்லை மீண்டும் அவர் பெயரோடு சேர்த்தே எழுதுகின்றனர். அன்பின் மிகுதியால் நேர்வதே அது. ஆனால் அவர் விரும்பிய பெயரால் அவரை அழைப்பதே அவருக்குச் செய்யும் முதல் மரியாதை ஆகும்.