எண்ணிப் பார்த்த அம்மையார்

செகந்திராபாத்தில் படிக்கும் தமிழ் மாணவர்களுள் பேகம்பேட்டை வழியே ஒருமுறையேனும் செல்லாதவர் இரார். அங்கேதான் 1897-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 20-ஆம் நாள், ரொனால்டு ராஸ் என்னும் மருத்துவர் ஒரு கொசுவின் வயிற்றுச் சுவரில் மலேரியாக் கிருமியைக் கண்டார். அதற்கு முன்னும் அவர் எத்தனையோ கொசுக்களை அறுத்துப் பார்த்ததுண்டு, கிருமி கிட்டவில்லை. அவை வேறு இனக் கொசுக்கள் என்பதே காரணம். பார்வைக்கு எல்லாம் கொசுக்களே. ஆயினும் இறகில் புள்ளியுடைய ஒரு வகைதான் நோயைச் சுமந்தது. உறவுடைய உயிர்களுக்குள்ளே கண்ணுக்கு எளிதில் தோன்றாத வேறுபாடுகள் உண்டு. அவற்றை அறியாத வரையில் உண்மை கைக்கு எட்டாது. இதுவே அன்று இந்நகரில் விளங்கிய பாடம்.

அதே 1897-ஆம் ஆண்டு நவம்பர் 4-ஆம் நாள், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த தலைச்சேரியில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. அக்குழந்தையும் பின்னாளில் நுண்நோக்கியின் முன் அமர்ந்து, இதே பாடத்தைச் செடிகொடிகளிடம் கற்று, உலகுக்குச் சொல்லப் பிறந்ததே. அவர்தாம் இ. கே. ஜானகி அம்மாள்.

தந்தையார் கிருஷ்ணன் சார்பு நீதிபதியாக இருந்தவர். தோட்டத்திலும் பறவைகளிலும் பேரார்வம் கொண்டவர். வீடு நிறைந்த பெரிய குடும்பம். உடன்பிறந்த பெண்கள் மணம் புரிந்து இல்லறம் ஏற்றனர். ஜானகி அம்மாளோ கல்வியைத் தேர்ந்துகொண்டார். இறுதி வரையில் மணம் செய்துகொள்ளவே இல்லை. பெண்ணுக்கு எழுத்தறிவே மிகை என்று கருதிய காலத்தில், அவர் சென்னைக்கு வந்து இராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்று, 1921-இல் தாவரவியலில் ஆனர்ஸ் பட்டம் பெற்றார். பின்னர்ச் சென்னைப் பெண்கள் கிறித்தவக் கல்லூரியில் ஆசிரியரானார்.

ஆசிய நாட்டுப் பெண்களுக்கென அமெரிக்க மிச்சிகன் பல்கலைக்கழகம் வழங்கி வந்த பார்பர் உதவித்தொகை அவரைக் கடல் கடக்கச் செய்தது. முதுகலைப் பட்டம் பெற்றுத் திரும்பிச் சில காலம் கற்பித்தார். மீண்டும் சென்று, கத்தரிக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு செடியின் குரோமோசோம்களை ஆராய்ந்து, 1931-இல் டாக்டர் பட்டம் பெற்றார்.

குரோமோசோம்கள் என்பவை யாவை? உயிரணுவின் கருவுக்குள் நூல் போலக் கிடப்பவை. சாயம் ஏற்றினால் பளிச்சென்று தெரிபவை. ஆதலின் நிறக்கோல்கள் என்று தமிழில் அவற்றை வழங்குவர். பெற்றோரின் இயல்புகளைப் பிள்ளைக்கு எடுத்துச் செல்பவை இவையே. ஒவ்வோர் இனத்துக்கும் பெரும்பாலும் ஒரு குறித்த எண்ணிக்கை உண்டு. அதை எண்ணுவது எளிய செயலன்று. வேரின் நுனியைக் கிள்ளி, மருந்தில் இட்டு, சாயம் ஏற்றி, நுண்நோக்கியின் கீழ்ப் பொறுமையோடு கணக்கிடவேண்டும். மனிதனுக்கு நிறக்கோல்கள் 48 என்றே அறிஞர் உலகம் நெடுநாள் நம்பியிருந்தது. 46 என்பது 1956-இல்தான் தெளிவாயிற்று. நம் உடலின் கணக்கே அத்தனை காலம் நமக்குத் தவறியிருந்ததெனின், எண்ணும் தொழிலின் அருமை சொல்லாமலே விளங்கும்.

திருவனந்தபுரத்தில் 1932 முதல் 1934 வரை பேராசிரியராக இருந்த பின், அம்மையார் கோயம்புத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்தார். அந்நிலையம் 1912-இல் தோன்றியது. சாறு மிகுந்த ஆலைக்கரும்பு நோய்க்கும் குளிருக்கும் எளிதில் இரையாகும். ஆற்றங்கரையில் தானே வளரும் நாணலோ இனிப்பற்றது. ஆனால் எதையும் தாங்கும். இரண்டும் ஒரே குலம். பார்பர் என்பாரும், அவருக்குப் பின் நம் டி. எஸ். வெங்கட்ராமனும் இவ்விரண்டையும் கலந்து, வட இந்தியாவுக்கு ஏற்ற புதிய கரும்பு வகைகளைப் படைத்தனர். கோயம்புத்தூரின் பெயர் கரும்பு உலகில் பரவியது அப்போதுதான்.

கலப்பு நிகழ்ந்தது, ஆனால் உள்ளே நடந்தது என்ன? இதற்கு விடை தருவது நிறக்கோல் கணக்கே. ஆலைக்கரும்புக்கு நிறக்கோல்கள் 80; கோயம்புத்தூர் நாணலுக்கு 64. இருபாலிலிருந்தும் பாதி பாதி வந்தால் பிள்ளைக்கு 72 இருக்கவேண்டும். எண்ணிப் பார்த்தாலோ 112! தாய்க்கரும்பு தன் 80-ஐயும் முழுமையாகக் கொடுத்துவிடுகிறது. நாணல் தன் பாதியாகிய 32-ஐத் தருகிறது. பிள்ளையிடம் இனிப்பும் உறுதியும் ஒருங்கே அமைவதன் மறைபொருள் இது. நாணலுக்குள்ளும் ஒரே கணக்கு இல்லை. இடத்துக்கு இடம் அது 40 முதல் 128 வரை மாறுகிறது. கரையில் நிற்கும் புல் என்று நாம் ஒரே பெயரிட்டு ஒதுக்கும் ஒன்றுக்குள் இத்தனை வேறுபாடு! இவற்றையெல்லாம் அம்மையார் அரிதின் முயன்று ஆராய்ந்தார். கரும்பையும் மக்காச்சோளத்தையும் இணைத்துப் பிறந்த விந்தைக் கலப்பையும் ஆய்ந்து வெளியிட்டார்.

இவ்வியப்பு செடிகளுக்கு மட்டும் உரியதன்று. வட அமெரிக்காவில் சாம்பல் நிற மரத்தவளைகள் இரண்டு உள்ளன. தோற்றத்தில் இரட்டைப் பிள்ளைகள். ஆனால் ஒன்றுக்கு நிறக்கோல்கள் 24, மற்றதற்கு 48. கண் ஏமாறினும் காது சிறிது கண்டுகொள்ளும். இரண்டின் குரலும் வேறு. உறவு நெருங்க நெருங்க, உள்ளே எண்ணிப் பார்க்க வேண்டிய தேவையும் மிகுகிறது.

அம்மையாரின் திறமைக்குத் தக்க மதிப்பு உடனே கிட்டியதா? 1935-இல் இந்திய அறிவியற் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது உண்மை. ஆயினும் அவர் பெண் என்பதும், அந்நாளைய சாதி அடுக்கில் தீயர் குலத்துக்கு இருந்த இடமும் அவர் வழியில் தடைகளாக நின்றன என்பர், அவர் வரலாற்றை ஆய்ந்தோர். நிறக்கோல்களைக் கண்டவர்களுக்கு மனிதரின் மேல்தோற்றத்தைக் கடந்து பார்க்க இயலவில்லை போலும்!

1939-இல் எடின்பரோவில் நடந்த மரபியல் மாநாட்டுக்குச் சென்றார். உலகப் போர் மூண்டது, அங்கேயே தங்கினார். இலண்டனில் ஜான் இன்னிஸ் நிலையத்தில், குண்டுவீச்சுக்கிடையே, டார்லிங்டன் என்னும் புகழ்பெற்ற அறிஞரோடு உழைத்தார். அவ்வுழைப்பின் பயனாக, உலகின் பயிர்களுடைய நிறக்கோல் எண்களைத் தொகுத்துக் கூறும் பெருநூல் 1945-இல் இருவர் பெயராலும் வெளிவந்தது. பின்னர் விஸ்லியில் அரச தோட்டக்கலைக் கழகத்தில் பணியாற்றினார். நம் செங்காந்தளிலும் உள்ள கால்சிசின் என்னும் நஞ்சைக்கொண்டு மக்னோலியாச் செடிகளின் நிறக்கோல்களை இரட்டிக்கச் செய்தார். அவர் பெயர் தாங்கிய மக்னோலியா ஒன்று இன்றும் உண்டு.

1951-இல் நேருவின் அழைப்பு வந்தது. வெளிநாட்டுப் பெருமையை விட்டுத் தாயகம் திரும்பிய அம்மையார், இந்தியத் தாவர ஆய்வுத் துறையைச் சீரமைக்கும் பணியை ஏற்றார். அலகாபாத்தில் அமைந்த மத்தியத் தாவர ஆய்வகத்தின் இயக்குநரானார். இமயத்தின் வடகிழக்கில் செடிகளின் நிறக்கோல்கள் பன்மடங்காகப் பெருகியிருப்பதையும், குளிர்ந்து வறண்ட வடமேற்கில் அவ்வாறு இல்லாமையையும் எடுத்துக்காட்டினார். 1955-இல் பிரின்ஸ்டன் நகரில், மனிதன் இம்மண்ணை எவ்வாறு மாற்றினான் என்பது பற்றி நிகழ்ந்த பெருங்கருத்தரங்கில் கலந்துகொண்ட ஒரே பெண் அவரே. மறு ஆண்டே மிச்சிகன் பல்கலைக்கழகம் சிறப்பு டாக்டர் பட்டம் அளித்தது. 1977-இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது வழங்கியது.

1970-இல் அவர் சென்னைக்கே வந்து சேர்ந்தார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் ஆய்வு மையத்தோடு இணைந்து, மதுரவாயலில் இருந்த அதன் ஆய்வுத் தோட்டத்தில் மூலிகைகளை ஆராய்ந்தார். முதுமையில் ஓய்வு தேடாமல் மூலிகைகளைத் தேடியவர் அவர்.

அந்நாளில்தான் கேரளத்து அமைதிப் பள்ளத்தாக்கில் குந்திப்புழையின் குறுக்கே மின்சாரத்துக்கென அணை கட்டும் திட்டம் எழுந்தது. மின்சாரம் வேண்டாம் என்று யார் சொல்வார்? ஆனால் நீரில் மூழ்கவிருந்தது தொன்மையான காடு. எண்பது வயதை ஒட்டிய அம்மையார் அக்காட்டு மரங்களின் நிறக்கோல்களைக் கணக்கெடுக்க முனைந்தார். அணைக்கு எதிராகக் குரல் கொடுத்தார். ஏன் இத்தனை ஆர்வம்? கரும்பைக் காத்தது எது என்பதை அவர் அறிவார். அது ஆற்றங்கரை நாணல். நாளை எந்தப் பயிருக்கு எந்தக் காட்டு உறவு உதவும் என்று இன்று யாரால் சொல்ல முடியும்? எண்ணிப் பார்க்கும் முன்பே காட்டை அழித்துவிட்டால், இழந்தது இன்னதென்று கூடத் தெரியாமல் இழந்தவர்களாவோம்.

1983-இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. 1984 பிப்ரவரி 7-ஆம் நாள் அம்மையார் மறைந்தார். அவ்வாண்டு நவம்பரில் அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அவ்வறிவிப்பைக் கேட்க அவர் இல்லை. அவர் எண்ண விரும்பிய மரங்கள் இருந்தன, இன்றும் இருக்கின்றன.

தோழர்களே, இன்று உலகில் பயிராகும் கரும்பு ஏறத்தாழ எல்லாவற்றிலும் நாணலின் நிறக்கோல்கள் கலந்துள்ளன. நாம் விடுதியில் அருந்தும் தேநீரின் சர்க்கரையிலும் அந்தப் புல்லின் பங்கு உண்டு. அம்மையாரும் நம்மைப்போல் ஊரையும் உறவையும் விட்டு வெளியூர் சென்று படித்தவரே. பயனற்றது, தாழ்ந்தது, ஒன்றுபோன்றது என்று பிறர் ஒதுக்கியதை எடுத்து, பொறுமையோடு எண்ணிய பிறகே அவர் பேசினார். பயிரிடத்தும் மனிதரிடத்தும் அந்தப் பொறுமையை நாமும் பழகுவோமாக.