அரசாணைகளை அடுக்கி வைத்து இனப்படுகொலையை நிரூபித்த வழக்கறிஞர்... யார் இந்த ரஃபேல் லெம்கின்?

இனப்படுகொலையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லான 'ஜெனோசைட்', 1944-க்கு முன்பு எந்த அகராதியிலும் கிடையாது. அதை உருவாக்கியவர் ரஃபேல் லெம்கின் என்ற போலந்து யூத வழக்கறிஞர்.

1900-ல், இன்றைய பெலாரஸில் உள்ள ஒரு பண்ணையில் பிறந்தவர். 1921-ல் பெர்லினில் நடந்த ஒரு கொலை அவரை யோசிக்க வைத்தது. ஆர்மீனியர்களை அழித்ததில் முக்கியப் பங்கு வகித்த ஒட்டோமான் தலைவர் தலாத் பாஷாவை, ஓர் ஆர்மீனிய இளைஞர் நடுத்தெருவில் சுட்டுக்கொன்றார். ஒருவரைக் கொன்றால் வழக்கு வருது. லட்சக்கணக்கானவர்களைக் கொன்றதை மட்டும் ஏன் குற்றமாகக் கருதுவதில்லை? இந்தக் கேள்வி கடைசி வரை அவரை விடவில்லை.

1933-ல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். அதே ஆண்டு மாட்ரிட்டில் நடந்த சர்வதேச சட்ட மாநாட்டுக்கு, ஓர் இனத்தை அழிப்பதைக் குற்றமாக்க வேண்டும் என்ற யோசனையை லெம்கின் எழுதி அனுப்பினார். நேரில் போக போலந்து அரசு விடவில்லை. மாநாட்டிலும் யாரும் அதைக் காதில் வாங்கவில்லை.

1939-ல் ஜெர்மனி போலந்துக்குள் புகுந்தது. பெற்றோரைக் கடைசியாகப் பார்த்துவிட்டு, லிதுவேனியா வழியாக ஸ்வீடன் போய்ச் சேர்ந்தார்.

அங்கே அவர் செய்ததுதான் முக்கியமான வேலை. ஜெர்மனி பிடித்த நாடுகளில் வெளியான அரசாணைகளையும் கெஜட்டுகளையும் சேகரித்து, ஒவ்வொன்றாகப் படித்தார். யார் யூதர் என்று ஓர் ஆணை. அவர்கள் பெயரைப் பதிவு செய்ய இன்னொன்று. அப்புறம் வேலை பறிப்பு, சொத்து பறிமுதல், அடையாளப் பட்டை, இனத்துக்கு ஒரு ரேஷன் அளவு. தனியாகப் பார்த்தால் எல்லாம் சாதாரண ஆபீஸ் உத்தரவு மாதிரிதான் இருக்கும். வரிசையாக அடுக்கினால், ஓர் இனத்தையே இல்லாமல் ஆக்கும் திட்டம் தெரியும். கொலைகளை நாஜிகள் மறைத்தார்கள். அதற்கு முந்தைய படிகளையோ அச்சடித்தே வெளியிட்டார்கள்!

1941-ல் சோவியத் யூனியன், ஜப்பான் வழியாக அமெரிக்கா போனார். 1944-ல் வந்த 'ஆக்சிஸ் ரூல் இன் ஆக்குபைடு யூரோப்' என்ற அவரது புத்தகத்தில் பாதிக்கு மேல் அந்த ஆணைகளின் மொழிபெயர்ப்புதான். கிரேக்கச் சொல்லோடு லத்தீன் சொல்லை ஒட்டி அவர் உண்டாக்கிய 'ஜெனோசைட்' முதலில் அச்சேறியதும் அதில்தான்.

போர் முடிந்த பிறகுதான் தெரிந்தது, பெற்றோர் உட்பட அவரது சொந்தங்களில் 49 பேர் கொல்லப்பட்டிருந்தார்கள். 

நியூரம்பெர்க் விசாரணையின் குற்றப்பத்திரிகையில் அவரது சொல் இடம்பிடித்தது. ஆனால் 1946 தீர்ப்பில் இல்லை. போருக்கு முன்பு ஜெர்மனிக்குள் யூதர்களுக்கு நடந்த கொடுமைகளையும் தீர்ப்பு கணக்கில் எடுக்கவில்லை. லெம்கின் சுட்டிக்காட்டியதே அந்த ஆரம்பப் படிகளைத்தானே? மனுஷன் நொந்துபோனார்.

அப்புறம் ஐ.நா. வளாகமே கதி. கண்ணில் பட்ட தூதர்களையும் பத்திரிகையாளர்களையும் விடாமல் துரத்தினார். 1948 டிசம்பர் 9 அன்று இனப்படுகொலைத் தடுப்பு ஒப்பந்தத்தை ஐ.நா. பொதுச்சபை ஏற்றது. போர்க்காலமோ அமைதிக்காலமோ, இரண்டுக்கும் அது பொருந்தும். ஒரு சமூகத்தின் பண்பாட்டை அழிப்பதையும் சேர்க்க வேண்டும் என்று அவர் போராடினார். அது மட்டும் நடக்கவில்லை.

1959 ஆகஸ்ட் 28 அன்று நியூயார்க்கில் மாரடைப்பால் இறந்தார். வயது 59, கையில் காசில்லை. இறுதிச்சடங்குக்கு வந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர்தான். இந்தியா அந்த ஒப்பந்தத்தை உறுதி செய்தது அதற்கு முந்தைய நாள். அவர் அடைக்கலம் புகுந்த அமெரிக்கா உறுதி செய்ததோ 1988-ல்.