தெருவில் கிடக்கும் கல்லை வைத்து பாடம் நடத்திய பாதிரியார்: யார் இந்த சார்லஸ் கிங்ஸ்லி?

சுவரில் இருக்கும் கல், அடுப்பில் எரியும் நிலக்கரி, கூரையில் வேய்ந்த ஸ்லேட். இவற்றை வைத்தே பூமியின் வரலாற்றைச் சொல்லிவிட முடியுமா? 1871-ல் இங்கிலாந்தின் செஸ்டர் நகரத்து இளைஞர்களுக்கு ஒருவர் அப்படித்தான் பாடம் எடுத்தார். அவர் பேராசிரியராகவும் இருந்தவர்தான், ஆனால் வரலாற்றுக்கு. முழுநேரத்தில் பாதிரியார்!

யார் இவர்?

1819 ஜூன் 12-ம் தேதி டெவன் பகுதியில் உள்ள ஹோல்ன் கிராமத்தில் பிறந்தார் கிங்ஸ்லி. அப்பாவும் பாதிரியார். கேம்பிரிட்ஜில் படித்துவிட்டு, எவர்ஸ்லி என்ற சின்ன ஊரின் தேவாலயப் பொறுப்புக்கு வந்தார். கடைசிவரை அந்த ஊரை விடவில்லை.

உலகத்துக்கு இவரைத் தெரிய வைத்தது 1863-ல் வந்த 'தி வாட்டர் பேபீஸ்' நாவல். புகைபோக்கிக்குள் இறங்கி கரி சுரண்டும் ஒரு ஏழைச் சிறுவனின் கதை அது.

டார்வினும் பாதிரியாரும்

1859-ல் டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்' வெளியானபோது தேவாலய வட்டாரத்தில் பலரும் கொதித்தார்கள். கிங்ஸ்லியோ, கடவுள் நம்பிக்கைக்கும் பரிணாமக் கொள்கைக்கும் சண்டை தேவையில்லை என்று டார்வினுக்கே கடிதம் எழுதினார். அடுத்த பதிப்பில், பெயர் சொல்லாமல் அந்தக் கருத்தைச் சேர்த்துக்கொண்டார் டார்வின்.

செஸ்டரில் நடந்தது என்ன?

1870-ல் செஸ்டர் பேராலயத்தில் கேனன் பதவி கிடைத்தது. அந்தக் காலத்தில் அறிவியல் என்பது பெரும்பாலும் பணமும் ஓய்வு நேரமும் உள்ளவர்களின் விஷயம். கிங்ஸ்லி உள்ளூர் இளைஞர்களைக் கூட்டி தாவரவியல் வகுப்பு தொடங்கினார். பாடம் நாலு சுவருக்குள் முடியவில்லை. வயல்வெளிக்கே அழைத்துப்போய் செடிகளைக் காட்டினார்.

1871-ல் அந்த வகுப்பு 'செஸ்டர் இயற்கை அறிவியல் சங்கம்' ஆக வளர்ந்தது. சொற்பொழிவு, களப்பயணம், மாதிரிகள் சேகரிப்பு என வேலை சூடுபிடித்தது. அங்கே அவர் எடுத்த பாடங்கள்தான் 1872-ல் 'டவுன் ஜியாலஜி' என்ற நூலாக வந்தன.

இன்னொரு பக்கமும் உண்டு

உள்ளூர் இளைஞர்களுக்குக் கதவைத் திறந்த அதே மனிதர், அயர்லாந்து மக்களை மிக இழிவாக எழுதியவர். 1865-ல் ஜமைக்காவில் 400-க்கும் மேற்பட்ட கறுப்பின மக்களைக் கொன்று எழுச்சியை அடக்கிய ஆளுநர் ஐரை ஆதரித்தவர். அறிவு எல்லோருக்கும் என்று சொன்னவரின் 'எல்லோரும்' எந்த எல்லையில் நின்றது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது.

மிச்சம் இருப்பது

1873-ல் வெஸ்ட்மின்ஸ்டருக்கு மாறினார். 1875 ஜனவரி 23-ல், 55 வயதில் இறந்தார். சங்கம் நின்றுவிடவில்லை. அதன் சேகரிப்புகளுக்கும் இடம் தரும் வகையில் 1886-ல் செஸ்டரில் கிராஸ்வெனர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அது இன்றும் இயங்குகிறது. ஒரு தாவரவியல் வகுப்பில் ஆரம்பித்த கதை, ஒரு நகரத்தின் அருங்காட்சியகம் வரை போயிருக்கிறது!