சக்கரமும் எலும்பும்
(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., கணிதம்)

தென்னேரி ஏரிக்கரையில் சைக்கிள் பழகியவர்களில் கீழே விழாதவர் எவருமில்லை. ஆயினும் ஒருசிலர் மட்டும் அடிக்கடி விழுவதுண்டு. அவர்களை ராசியில்லாதவர் என்று ஊர் பேசும். இந்த ராசிப் பேச்சில் எனக்கு உடன்பாடில்லை. இத்தாலியச் சைக்கிள் வீரர் ஃபௌஸ்தோ கோப்பியின் வாழ்க்கையைப் படித்தபின் அவ்வெண்ணம் மேலும் வலுப்பட்டது.

கோப்பி 1919 செப்டம்பர் 15 அன்று, பீட்மாண்ட் பகுதியில் காஸ்டெல்லானியா என்னும் சிற்றூரில் எளிய உழவர் குடும்பத்தில் பிறந்தார். படிப்பில் மனம் செல்லவில்லை. சிறுவனாகவே நோவி லிகுரே நகரத்து இறைச்சிக் கடையில் வேலைக்கமர்ந்து, சைக்கிளில் வீடு வீடாக இறைச்சி கொண்டு கொடுத்தார். (நம்மூரிலும் நெய்த புடவையைச் சைக்கிளில் வைத்துக் காஞ்சிக்குக் கொண்டு சேர்த்த கால்கள் எத்தனை!) அங்கே பியாஜோ கவான்னா என்னும் உடற்பிடிப்பு வல்லுநர் அவரைப் பயிற்றுவித்தார். கவான்னா கண்பார்வையற்றவர், விரல்களாலேயே வீரர்களின் தசையை எடைபோட்டவர்.

1940-இல், 20 வயதில், இத்தாலியச் சுற்றுப் போட்டியில் கோப்பி வென்றார். 1942-இல் ஒரு மணி நேரத்தில் 45 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி உலகச் சாதனை படைத்தார். பின்னர் போர்முனை, 1943-இல் வட ஆப்பிரிக்காவில் ஆங்கிலேயரிடம் சிறைப்பட்டார். மீண்டு வந்து, 1949-இல் இத்தாலியச் சுற்று, பிரெஞ்சுச் சுற்று இரண்டையும் ஒரே ஆண்டில் வென்ற முதல் வீரரானார்.

இத்தனை வெற்றிகளுக்கிடையே எத்தனை முறிவுகள்! 1950-இல் இடுப்பெலும்பு. 1951-இல் காறை எலும்பு. 1952-இல் மீண்டும் அதே எலும்பு. 1957-இல் தொடை எலும்பு. இவ்வளவுக்கும் அவர் கூட்டத்தை விட்டுத் தனியே வெகுதூரம் முன்செல்பவர். முன்சக்கரம் அடுத்தவர் பின்சக்கரத்தில் உரசிக் கூட்டமாய்ச் சரிவதே சாலைப் பந்தயத்தில் பெரிய ஆபத்து. இளமையில் ஊட்டமின்மையால் அவருடைய எலும்புகள் வலுவற்றிருந்தன என்பர். அப்படியாயின் அவர் மற்றவரைவிட அதிகம் விழுந்தாரா, அல்லது மற்றவர் தூசு தட்டி எழும் இடத்தில் இவர் முறிந்தாரா? இரண்டும் வேறு வேறு கேள்விகள்.

நம் பாடத்திலுள்ள பாய்சான் பரவலை எடுத்துக்கொள்வோம். 100 வீரர்களிடையே 100 விபத்துகள் தற்செயலாகவே நிகழ்ந்தாலும், ஏறத்தாழ 37 பேர் ஒருமுறையும் விழார். 37 பேர் ஒருமுறை, 18 பேர் இருமுறை விழுவர். 8 பேர் மூன்றும் அதற்கு மேலும் விழுவர். இந்த எண்மரைத்தான் நாம் ராசியில்லாதவர் என்கிறோம்! கோப்பி பிறந்த அதே 1919-இல் கிரீன்வுட், வுட்ஸ் என்னும் இருவர் இங்கிலாந்துத் தொழிற்சாலை விபத்துகளை இவ்வாறு ஆராய்ந்தனர். தற்செயல் மட்டும் போதாது, ஆளுக்கு ஆள் விபத்து வாய்ப்பும் மாறுபடுகிறது என்பதே அவர்கள் கணக்குக்குப் பொருந்தியது. ஆனால் ஒரு தனி மனிதரின் நான்கைந்து விபத்துகளைக் கொண்டு அவர் எவ்வகை என்று எந்தக் கணக்கும் தீர்ப்புச் சொல்லாது.

அவர் தம்பி செர்சேயும் பந்தய வீரர். 1951 ஜூன் 29 அன்று டூரின் நகரில் டிராம் தண்டவாளத்தில் சக்கரம் சிக்கி விழுந்தார். எழுந்து ஓட்டி எல்லையைத் தொட்டார். அன்றிரவே மூளைக்குள் குருதி கசிந்து இறந்தார். தலைக்கவசம் அக்காலத்தில் கட்டாயமில்லை. 2003-இல்தான் அவ்விதி வந்தது. துயரத்தோடு சில நாளில் பிரெஞ்சுச் சுற்றுக்குச் சென்ற கோப்பி பத்தாவதாக வந்தார். மறு ஆண்டு அதையே வென்றார்.

இத்தனை முறை விழுந்தவரைக் கொன்றது சாலையன்று, கொசு. 1959 டிசம்பரில் மேற்கு ஆப்பிரிக்காவின் அப்பர் வோல்டா சென்று திரும்பியவருக்குக் காய்ச்சல் கண்டது. இத்தாலிய மருத்துவர்கள் மலேரியா என்று அறியவில்லை. 1960 ஜனவரி 2 அன்று, 40 வயதில் மறைந்தார். உடன் சென்ற பிரெஞ்சு வீரர் ஜெமினியானிக்கும் அதே காய்ச்சல்தான். அவர் நாட்டில் நோயை அறிந்து உரிய மருந்து கொடுத்தனர். அவர் 2024 வரை வாழ்ந்தார்.