எல்லோரும் சொன்ன குதிரை தோற்றது!
டெர்பி பந்தயத்தில் வாகை சூடிய ராஜ்பிப்லா மகாராஜா

முருகப்பெருமான் சினம் தணிந்து அமர்ந்த தலம் திருத்தணி. சூரபத்மனோடு செய்த போரும், வள்ளியை மணக்க வேடர்களோடு செய்த போரும் முடிந்த பின், கோபம் ஆறி அவர் குடிகொண்ட மலை அது என்பது தல வரலாறு. அந்த மலையின் 365 படிகளிலும் ஏறுகிற பக்தர்களில், முருகன் ஓடிய பந்தயத்தின் கதையை அறியாதவர் இருக்க மாட்டார்கள்.

ஒரு பழம். இரண்டு பிள்ளைகள். உலகத்தை முதலில் சுற்றி வருபவருக்குப் பழம் என்று போட்டி. தம்பிக்கு மயில், அண்ணனுக்கு மூஞ்சூறு. யார் ஜெயிப்பார் என்று அன்று கேட்டிருந்தால் எல்லோரும் மயிலைத்தான் சொல்லியிருப்பார்கள். ஆனால் பழம் மூஞ்சூற்றுக்காரருக்குப் போய்விட்டது!

பந்தயம் என்று ஒன்று உலகில் தோன்றிய நாள் முதல் இதே கதைதான். ஊரே ஒரு பக்கம் கை காட்டும். வெற்றி வேறு பக்கம் போகும். 1934-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் அப்படி ஒரு பந்தயம் நடந்தது. லட்சக்கணக்கானோர் பார்த்திருக்க, அன்று வாகை சூடியவர் ஓர் இந்தியர். அவர்தான் ராஜ்பிப்லா மகாராஜா விஜயசிங்ஜி.

நர்மதைக் கரை இளவரசர்

குஜராத்தில் நர்மதை நதிக்கும் தபதி நதிக்கும் இடையே இருந்த சமஸ்தானம் ராஜ்பிப்லா. காடும் மலையும் நிறைந்த பூமி. பரப்பு சுமார் 1,500 சதுர மைல். அதை ஆண்டவர்கள் கோகில் ராஜபுத்திரர்கள். வெள்ளையர் ஆட்சியில் 13 குண்டு மரியாதை பெற்ற சமஸ்தானம் அது.

அந்த வம்சத்தில் 1890 ஜனவரி 30-ந் தேதி பிறந்தார் விஜயசிங்ஜி. தந்தை சத்ரசிங்ஜி. இளவரசருக்குப் படிப்பு ராஜ்கோட்டில் உள்ள ராஜகுமார் கல்லூரியில். அதன் பின் டேராடூனில் ராணுவப் பயிற்சி. குதிரை ஏற்றம் அங்கே அவருக்குக் கை வந்த கலை ஆயிற்று.

1915-ல் தந்தை மறைந்தார். 25 வயதில் விஜயசிங்ஜி பட்டத்துக்கு வந்தார். பள்ளிக்கூடம், மருத்துவமனை, ரயில் பாதை என்று சமஸ்தானத்தின் வளர்ச்சிக்குச் செலவிட்டார். ஆனாலும் அவர் உள்ளத்தைக் கவர்ந்தது குதிரைதான். போலோ ஆட்டத்தில் ஆரம்பித்த ஆசை, பந்தயக் குதிரை வளர்ப்பதில் போய் நின்றது.

இந்திய ராஜாக்கள் பலர் பந்தயக் குதிரைகள் வைத்திருந்த காலம் அது. சென்னையில் 1777-ஆம் ஆண்டிலேயே குதிரைப் பந்தயம் தொடங்கிவிட்டது. இங்கிலாந்தின் புகழ் பெற்ற டெர்பி பந்தயம் பிறந்ததோ அதற்கு 3 ஆண்டு கழித்து, 1780-ல்தான். ஆனால் வயதில் இளையதாக இருந்தாலும் டெர்பிக்கு இருந்த மவுசு வேறு எதற்கும் இல்லை. லண்டனுக்கு அருகே எப்சம் என்ற ஊரில் ஆண்டுக்கு ஒரு தடவை நடக்கும். தூரம் ஒன்றரை மைல். மூன்று வயதுக் குதிரைகள் மட்டுமே ஓடலாம். எனவே ஒரு குதிரைக்கு வாழ்நாளில் ஒரே ஒரு வாய்ப்புதான்.

விண்ட்சர் என்ற ஊருக்கு அருகே மாளிகை வாங்கி, ஆண்டுதோறும் இங்கிலாந்துக்குப் போய் வந்தார் மகாராஜா. 1926-ல் அவருடைய எம்பார்கோ என்ற குதிரை அயர்லாந்து டெர்பியில் முதலாவதாக வந்தது. அந்த வெற்றி ஆசையைத் தணிக்கவில்லை, வளர்த்துவிட்டது. எப்சம் டெர்பியைக் கைப்பற்ற வேண்டும் என்பதே அவர் கனவாயிற்று.

1,300 கினிக் குதிரை

டான்காஸ்டர் நகரில் நடந்த ஏலத்தில் ஒரு வயதுக் குட்டி ஒன்று அவருக்காக வாங்கப்பட்டது. விலை 1,300 கினி. ராஜாக்கள் கொடுக்கும் விலையாக அது பெரிதல்ல. ஆனால் அந்தக் குட்டியின் தகப்பன் பிளாண்ட்போர்டு என்ற குதிரை. அதற்குப் பிறந்த குதிரைகள் 1929-லும் 1930-லும் அடுத்தடுத்து டெர்பியை வென்றிருந்தன. விதை நன்றாக இருந்தால் விளைச்சலை நம்பலாம் அல்லவா?

தாம் தங்கும் ஊரின் பெயரையே சேர்த்துக் குட்டிக்கு ‘விண்ட்சர் லாட்’ என்று பெயர் சூட்டினார் மகாராஜா. விண்ட்சர் பையன் என்று பொருள். பயிற்சியாளர் மார்க்கஸ் மார்ஷ். இவருடைய தந்தை அரச குடும்பத்துக் குதிரைகளுக்கே பயிற்சி அளித்தவர். மகனோ அப்போதுதான் பெயர் எடுக்க முயன்று கொண்டிருந்த இளைஞர்.

குதிரை ஓட்ட அமர்த்தப்பட்டவரின் கதை இன்னும் விசித்திரமானது. சார்லி ஸ்மர்க் என்ற அந்த ஜாக்கி திறமைசாலி. ஆனால் 1928-ல் ஒரு பந்தயத்தில் அவர் ஏறியிருந்த குதிரை புறப்படும் இடத்திலேயே நின்றுவிட்டது. வேண்டுமென்றே குதிரையை ஓட்டவில்லை என்று அவர் மீது குற்றம் சாட்டி, பந்தயத் திடலுக்குள் கால் வைக்கவே தடை போட்டார்கள். ஓர் ஆண்டு அல்ல, ஐந்து ஆண்டுகள்! கைத்தொழிலை இழந்து வறுமையில் வாடினார் ஸ்மர்க். 1933-ல்தான் தடை நீங்கியது. ஊர் ஒதுக்கிய அந்த மனிதரைத் தம் குதிரை மேல் ஏற்றினார் மகாராஜா.

கொழும்புக் குதிரை

1934-ஆம் ஆண்டு டெர்பிக்கு முன் இங்கிலாந்து முழுவதும் ஒரே பெயர்தான் அடிபட்டது. அந்தப் பெயர் ‘கொழும்பு’. கிளான்லி பிரபுவின் குதிரை அது. அதுவரை ஓடிய 9 பந்தயங்களிலும் 9 வெற்றி. தோல்வி என்பதையே அறியாத குதிரை!

பந்தயத்துக்கு முன் எந்தக் குதிரை ஜெயிக்கும் என்று கணிப்பவர்கள் நான்கைந்து விஷயங்களைப் பார்ப்பார்கள். குதிரையின் பரம்பரை என்ன? கடைசியாக எப்படி ஓடியது? தூரம் அதற்கு ஏற்றதா? தரை ஈரமா, காய்ந்ததா? மேலே இருப்பவர் யார்? இந்தக் கணக்கில் கொழும்புக்கு முதல் இடம். அதன் மேல் 8 பவுன் கட்டினால் லாபம் 11 பவுன் மட்டுமே. விண்ட்சர் லாட் மேல் 2 பவுன் கட்டினால் லாபம் 15 பவுன். நிச்சயமாக ஜெயிக்கும் என்று எல்லோரும் நம்பும் குதிரைக்குக் குறைந்த லாபம். நம்பிக்கை குறைந்த குதிரைக்கு அதிக லாபம். புக்கிகள் கணக்கு அது.

ஆனால் நிதானமாகப் பார்த்தவர்களுக்கு விண்ட்சர் லாட்டின் பெருமையும் தெரிந்தது. அந்த ஆண்டு டெர்பிக்கு முன்பே செஸ்டர் நகரிலும் நியூமார்க்கெட்டிலும் அது வென்றிருந்தது. செஸ்டரில் ஓடிய தூரம் டெர்பி அளவு நீளம். கொழும்பு வென்றவையோ எல்லாம் ஒரு மைலும் அதற்குக் குறைந்தவையும். மிச்சமுள்ள அரை மைலை அது தாங்குமா? கூட்டத்தில் பலர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

டெர்பியிலாவது தரையில்தான் ஓட வேண்டும். தடை தாண்டும் பந்தயத்தில் கணிப்பவர் பாடு இன்னும் திண்டாட்டம். லிவர்பூல் அருகே நடக்கும் கிராண்ட் நேஷனல் பந்தயத்தில் குதிரைகள் நான்கு மைலுக்கு மேல் ஓடி, 30 தடைகளைத் தாண்ட வேண்டும். 1928-ல் அங்கே 42 குதிரைகள் புறப்பட்டன. ஓடி முடித்தவை இரண்டே இரண்டு! 1934 மார்ச்சில் அதை வென்ற ‘கோல்டன் மில்லர்’ என்ற மாவீரக் குதிரையை, மறு ஆண்டு எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு நம்பினார்கள். அதுவோ பாதி வழியில் ஜாக்கியைக் கீழே தள்ளிவிட்டது. நம்பிப் பணம் கட்டியவர்களும் அதனுடன் கீழே விழுந்தார்கள்.

அந்த இரண்டரை நிமிடம்

1934 ஜூன் 6. புதன்கிழமை. எப்சம் திடலில் மனிதத் தலைகளாகவே காட்சி அளித்தது. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரும் மேரி மகாராணியும் வந்திருந்தார்கள். 19 குதிரைகள் புறப்பட்டன.

எப்சம் திடலில் ஒரு பொல்லாத வளைவு உண்டு. சரிவில் இறங்கி வேகமாக இடப்பக்கம் திரும்ப வேண்டும். அங்கே சிக்கிக்கொண்டவன் மீள்வது கடினம். கொழும்பு மீது இருந்தவர் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ரே ஜான்ஸ்டன். களைத்துப்போன ஒரு குதிரைக்குப் பின்னால் அவர் மாட்டிக்கொண்டார். முன்னே வழி இல்லை. பக்கத்திலும் வழி இல்லை. விலகிச் சுற்றிக்கொண்டு வருவதற்குள் நேரம் போயிற்று.

ஸ்மர்க் பதறவில்லை. வளைவு தாண்டும்வரை குதிரையின் பலத்தைச் செலவழிக்காமல் வைத்திருந்தார். வழி கிடைத்த கணத்தில் பாய்ந்தார். விண்ட்சர் லாட் எல்லாக் குதிரைகளையும் பின்னே தள்ளி முன்னேறியது. ஈஸ்டன் என்ற குதிரை துரத்தியது. கடைசிக் கட்டத்தில் கொழும்பும் புயல்போல் வந்தது. ஆனால் காலம் கடந்துவிட்டது. ஒரு குதிரை நீளத்தில் விண்ட்சர் லாட் முதலாவது! ஈஸ்டன் இரண்டாவது. தோல்வி அறியாத கொழும்பு மூன்றாவது. எடுத்துக்கொண்ட நேரம் 2 நிமிடம் 34 விநாடி.

ஐந்து ஆண்டு அவமானத்தை அந்த நிமிடங்களில் துடைத்துவிட்டார் ஸ்மர்க். மகாராஜாவை மன்னர் தம் மேடைக்கு அழைத்துப் பாராட்டினார். வெள்ளையர் நாட்டில், வெள்ளைப் பிரபுக்களின் பந்தயத்தில், அடிமைப்பட்ட நாட்டின் ராஜா ஒருவர் வாகை சூடி நின்றார். ஆங்கில மக்கள் அவரை ‘பிப்’ என்று செல்லமாக அழைத்து ஆரவாரம் செய்தார்கள். கராச்சியில் பிறந்த ஆகாகான் 1930-ல் டெர்பியை வென்றது உண்டு. ஆனால் அவர் நாடு ஆண்டவர் அல்ல. இந்திய சமஸ்தான மன்னர்களில் டெர்பியை வென்றவர் விஜயசிங்ஜி ஒருவரே.

வென்ற பின்

அதே ஆண்டில் அந்தக் குதிரையை 50,000 பவுனுக்கு விற்றார் மகாராஜா. வாங்கியவர் யார் தெரியுமா? மார்ட்டின் பென்சன் என்ற புக்கி! ஊரார் கட்டிய பணத்தில் வளர்ந்தவர், ஊரார் நம்பாத குதிரையை வாங்கிக்கொண்டார். அவர் பெயரில் ஓடி செயின்ட் லெஜர் பந்தயத்தையும் வென்றது விண்ட்சர் லாட். 13 ஓட்டங்களில் 10 வெற்றி என்ற பெருமையுடன் ஓய்வு பெற்றது. பின்னர் நோய்வாய்ப்பட்டு 1943-ல் அதன் கதை முடிந்தது.

ஸ்மர்க் மேலும் மூன்று தடவை டெர்பி வென்று புகழின் உச்சிக்குப் போனார். தோற்ற ஜான்ஸ்டனோ கிளான்லி பிரபுவிடம் வேலையை இழந்தார்.

மகாராஜாவின் வாழ்விலும் காலம் வேறு பந்தயம் ஓடியது. இந்தியா விடுதலை பெற்றது. 1948 ஜூனில் ராஜ்பிப்லா சமஸ்தானம் பம்பாய் மாகாணத்தோடு இணைந்தது. அறுநூறு ஆண்டு ஆண்ட வம்சத்தின் அரசுரிமை ஒரு கையெழுத்தில் முடிந்தது. மூன்று ஆண்டு கழித்து, 1951 ஏப்ரல் 29-ந் தேதி, விண்ட்சர் அருகே இருந்த தம் மாளிகையில் 61-வது வயதில் அவர் காலமானார். இன்று ராஜ்பிப்லா, நர்மதா மாவட்டத்தின் தலைநகரம். சமஸ்தானங்களை ஒன்றாக்கிய சர்தார் பட்டேலுக்கு 182 மீட்டர் உயரச் சிலை நிற்பதும் அதே மாவட்டத்தில்தான்.

யாருக்கு வெற்றி?

குதிரைப் பந்தயத்தை ஒழிக்க 1974-ல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. வழக்கு நீண்டது. 1996-ல் சுப்ரீம் கோர்ட்டு, குதிரைப் பந்தயம் வெறும் அதிர்ஷ்டம் அல்ல, திறமையைச் சார்ந்தது என்று தீர்ப்பு அளித்தது. விண்ட்சர் லாட்டின் கதை அதற்குச் சாட்சி சொல்லும். குட்டியைத் தேர்ந்ததும், பழக்கியதும், வளைவில் பொறுத்திருந்ததும் திறமைதான்.

ஆனால் ஒன்றை மறக்கலாகாது. அந்தத் திறமைகள் ராஜாவிடமும் பயிற்சியாளரிடமும் ஜாக்கியிடமும் இருந்தன. ஊர் சொன்னதைக் கேட்டுக் கொழும்பு மீது பணத்தைக் கொட்டிய ஆயிரமாயிரம் பேரிடம் இருந்தது ஆசை மட்டுமே. அன்று மாலை ஒரு மகாராஜா சிரித்தார். எத்தனையோ வீடுகளில் அடுப்பு அணைந்திருக்கும்.

பதற்றம் தணிந்தவனுக்கே பாதை தெரியும். எப்சம் வளைவில் ஸ்மர்க் காட்டியது அதைத்தான். சினம் தணிந்த தணிகை மலையின் படிகளில் ஏறுகிறவர்களுக்கு அது புதிய பாடம் அல்ல.