மயிலை சீனி. வேங்கடசாமி

மயிலை சீனி. வேங்கடசாமி (டிசம்பர் 16, 1900 - 1980) தமிழறிஞரும் வரலாற்று ஆய்வாளரும் ஆவார். தமிழில் கிறித்தவ, பௌத்த, சமண சமயங்களின் பங்களிப்பை ஆராய்ந்து தனித்தனி நூல்கள் எழுதியவர். தமிழ்நாட்டில் அழிந்துபோன, மறக்கப்பட்ட சமணக் கோயில்களையும் திருமேனிகளையும் பற்றிய செய்திகளைத் தொகுத்துத் தமிழில் பதிவு செய்தவர்களுள் இவர் முதன்மையானவராகக் கருதப்படுகிறார். இவர் சமண சமயத்தைச் சேர்ந்தவர் அல்லர்.

வாழ்க்கைக் குறிப்பு

சென்னை மயிலாப்பூரில் சித்த மருத்துவர் சீனிவாசனுக்கும் தாயாரம்மாளுக்கும் மகனாகப் பிறந்தார். தமையனார் கோவிந்தராசனிடம் தமிழ் கற்றார். எழும்பூர் ஓவியப் பள்ளியில் சிறிது காலம் பயின்றார். தந்தையும் தமையனும் இறந்தமையால் குடும்பப் பொறுப்பு இவர் மீது விழுந்தது, படிப்பு நின்றுபோனது. நீதிக்கட்சியின் 'திராவிடன்' இதழில் சிறிது காலம் பணியாற்றியபின் மாநகராட்சித் தொடக்கப் பள்ளி ஆசிரியரானார். 1955இல் ஓய்வு பெறும்வரை அதுவே இவருடைய தொழில். திருமணம் செய்துகொள்ளவில்லை.

இவர் பல்கலைக்கழகத்திலோ ஆய்வு நிறுவனத்திலோ பதவி வகித்தவர் அல்லர் என்பது குறிப்பிடத்தக்கது. கல்வெட்டுகளைத் தாமே படிக்க வேண்டும் என்பதற்காகப் பிராமி, வட்டெழுத்து, கிரந்தம் ஆகிய எழுத்துகளைக் கற்றார். கன்னடமும் மலையாளமும் அறிந்திருந்தார். ஓவியப் பள்ளியில் பெற்ற பயிற்சி வீண்போகவில்லை என்பதை, கலைகளைப் பற்றிய இவருடைய நூல்களைப் படிப்போர் உணரலாம்.

ச. த. சற்குணரின் சொற்பொழிவொன்றால் தூண்டப்பட்டு எழுதிய 'கிறித்தவமும் தமிழும்' 1936இல் வெளிவந்தது. 'பௌத்தமும் தமிழும்' 1940இல் வந்தது.

சமணமும் தமிழும்

வரிசையில் மூன்றாவதான 'சமணமும் தமிழும்' 1954இல் வெளியானது. தென்னிந்தியச் சமணம் பற்றி ஆங்கிலத்தில் 1922இலேயே நூல் இருந்தது. தமிழ் மட்டும் அறிந்த வாசகருக்கு அச்செய்திகள் எட்டவில்லை. கல்வெட்டுத் துறையின் ஆண்டறிக்கைகளும் ஆங்கிலத்தில் அமைந்து, நூலகங்களில் முடங்கிக் கிடந்தன. அவ்வறிக்கைகளில் சிதறிக் கிடந்த குறிப்புகளைத் தேடியெடுத்து, மாவட்ட வாரியாக ஊர்ப்பெயர்களுடன் தொகுத்தது இந்நூலின் பெரும் பயன் எனலாம்.

இதில் காஞ்சிபுரத்தை அடுத்த திருப்பருத்திக்குன்றம், போளூருக்கு அருகிலுள்ள திருமலை போன்று வழிபாடு தொடரும் தலங்களும் உள்ளன. வழிபாடு நின்று பல நூற்றாண்டுகளான குன்றுகளும் உள்ளன. செஞ்சிக்கு அருகிலுள்ள திருநாதர்குன்றில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர் உருவங்கள் ஒரே பாறையில் செதுக்கப்பட்டுள்ளன. அங்கேயே சந்திரநந்தி ஆசிரியர் ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்ததைக் கூறும் பழைய கல்வெட்டும் உண்டு. கழுகுமலைப் பாறைச் சிற்பங்களின் கீழ் அவற்றைச் செய்வித்தோர் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அவர்களுள் குரத்தியர் எனப்பட்ட சமணப் பெண்துறவியரும் அடங்குவர். இத்துறவியரைப் பற்றி வேங்கடசாமி தம் நூலில் தனியாகவே எழுதியுள்ளார்.

இத்தகைய இடங்கள் மறக்கப்பட்டதற்குக் காரணங்கள் பல. பக்தி இயக்கத்திற்குப் பின் அரச ஆதரவு குறைந்தது. சில கோயில்கள் வேறு சமயத்தாரின் கோயில்களாயின. துறவியர் தங்கிய குகைகளின் கற்படுக்கைகளைப் பஞ்சபாண்டவர் படுக்கைகள் என மக்கள் அழைக்கலாயினர். தீர்த்தங்கரரும் புத்தரும் அமர்ந்து தியானிக்கும் கோலத்தில் ஒத்திருப்பதால் ஒருவரை மற்றவராகக் கொள்ளும் மயக்கமும் உண்டு. திகம்பரத் திருமேனியில் ஆடையின் கோடு இராது; தலைக்குமேல் முக்குடை காணப்படும்.

நூலில் கூறப்படும் எல்லா இடங்களையும் ஆசிரியர் நேரில் கண்டு எழுதியதாகக் கொள்ளலாகாது. ஊரைத் தேடிச் செல்லும் மாணவர்கள் அறிக்கை எழுதப்பட்ட காலத்தையும் கருத்தில் கொள்ளவேண்டும்.

மயிலாப்பூர் நேமிநாதர்

இவர் பிறந்த ஊரிலேயே ஒரு சமணக் கோயில் மறைந்துபோயிருந்தது. மயிலாப்பூரில் கடற்கரையை ஒட்டி இருபத்திரண்டாம் தீர்த்தங்கரரான நேமிநாதரின் கோயில் இருந்தது. கடல் ஊரை விழுங்கும் என அஞ்சித் திருமேனியை அப்புறப்படுத்தினர் என்றும், பின்னர் அது மேல்சித்தாமூருக்குச் சென்றது என்றும் சமணர் வழிவழியாகக் கூறிவருகின்றனர். கோயிலின் கட்டடம் எதுவும் எஞ்சவில்லை.

எனினும் சான்றுகள் உள்ளன. சாந்தோம் பகுதியில் கிடைத்த துண்டுக் கல்வெட்டொன்று நேமிநாதருக்கு அளித்த கொடையைக் குறிப்பிடுகிறது. அவிரோதி ஆழ்வார் இயற்றிய திருநூற்றந்தாதி இத்தலத்து நேமிநாதரைப் பாடுகிறது. குணவீர பண்டிதரின் இலக்கண நூலான 'நேமிநாதம்' இவர் பெயரையே தாங்கியுள்ளது. கட்டடம் அழிந்த கோயிலொன்றைக் கல்வெட்டு, இலக்கியம், வழக்காறு ஆகிய மூன்றையும் கொண்டு எவ்வளவு தூரம் மீட்கலாம் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. வழக்காற்றைக் கல்வெட்டுக்கு நிகராகக் கொள்ள இயலாது என்பதையும் இங்கே நினைவிற்கொள்ள வேண்டும்.

பிற பணிகள்

அழிந்த நூல்களிலும் இதே முறையைக் கையாண்டார். 'மறைந்துபோன தமிழ் நூல்கள்' (1959), உரையாசிரியர்கள் மேற்கோள் காட்டிய வரிகள் போன்றவற்றைக் கொண்டு வழக்கொழிந்த நூல்களைப் பட்டியலிடுகிறது. சமணர் இயற்றியவையும் இவற்றுள் உண்டு. 'தமிழர் வளர்த்த அழகுக் கலைகள்' (1956) அரசுப் பரிசு பெற்றது. பல்லவ மன்னர்களான மகேந்திரவர்மன், நரசிம்மவர்மன், மூன்றாம் நந்திவர்மன் பற்றித் தனி நூல்கள் எழுதினார். களப்பிரர் காலத்தை இருண்ட காலம் என ஒதுக்கும் வழக்கத்தை மறுத்துப் பிற்காலத்தில் எழுதிய நூல் இன்றும் விவாதிக்கப்படுகிறது.

1980இல் காலமானார். இவருடைய நூல்களைத் தமிழ்நாடு அரசு நாட்டுடைமை ஆக்கியது. அதன்பின் பல பதிப்பகங்கள் அவற்றை மறுபதிப்புச் செய்துள்ளன.