நீர் தந்த நசீர் சாப்

மைசூரில் இருந்து ஊட்டிக்கு பஸ்ஸில் போகிறவர்கள் குண்டுலுப்பேட்டையைக் கடந்து போவார்கள். அந்த ஊர்க்காரர்தான் அப்துல் நசீர் சாப்.

1983-ம் ஆண்டு கர்நாடகத்தில் ராமகிருஷ்ண ஹெக்டே தலைமையில் ஜனதா ஆட்சி அமைந்தது. அதில் நசீர் சாப், கிராம வளர்ச்சி மற்றும் பஞ்சாயத்து ராஜ் மந்திரி ஆனார்.

குடிதண்ணீர் இல்லாத கிராமங்களில் போர் போட்டு, கை பம்பு வைக்க ஏற்பாடு செய்தார். மக்கள் அவரை அன்போடு நீர் சாப் என்று அழைத்தார்கள்.

பம்பு போட்டால் போதுமா? அது பழுதானால் யாரிடம் சொல்வது? விதான சவுதாவில் இருக்கும் அதிகாரிக்கு அந்தக் கிராமம் எங்கே தெரியும்? ஆகவே, அதிகாரத்தையே கிராமத்துக்குக் கொண்டுபோக நினைத்தார்.

புதிய சட்டம்

1983-ல் நிறைவேறிய சட்டம் 1985-ல் அமலுக்கு வந்தது. மாவட்டத்துக்கு ஜில்லா பரிஷத், சில கிராமங்களுக்குச் சேர்த்து ஒரு மண்டல் பஞ்சாயத்து. பெண்களுக்கு 25 சதவீத இடம். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, குடிநீர் எல்லாம் ஜில்லா பரிஷத் பொறுப்பில் வந்தன. அதன் தலைவருக்கு ராஜாங்க மந்திரி அந்தஸ்து. ஐ.ஏ.எஸ். அதிகாரி அவருக்குக் கீழே வேலை செய்தார்.

செல்வாக்கு போய்விடும் என்று எம்.எல்.ஏ.க்கள் பலர் முணுமுணுத்தார்கள். நசீர் சாப் அசையவில்லை. 1987 ஜனவரியில் தேர்தல் நடந்தது. உள்ளூர் உறுப்பினர்கள் கண்காணித்ததால் வாத்தியார்களும் டாக்டர்களும் ஒழுங்காக வேலைக்கு வந்தார்கள்.

1988 அக்டோபரில் நசீர் சாப் காலமானார். 1992-ல் பதவிக்காலம் முடிந்ததும், தேர்தல் நடத்தாமல் அதிகாரிகளிடம் நிர்வாகம் ஒப்படைக்கப்பட்டது. ஆனால் அவர் காட்டிய வழி வீண்போகவில்லை. 1993-ல் அரசியல் சட்டத் திருத்தம் மூலம் பஞ்சாயத்து ராஜ் நாடு முழுவதற்கும் வந்தது. கிராம வளர்ச்சிப் பயிற்சி தரும் மைசூர் நிலையத்துக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது.

நகரத்தின் கதை

கிராமத்துக்குக் கிடைத்தது நகரத்தில் நிலைக்கவில்லை. அல்சூரை அடுத்த ஜோகுபாளையம் பெங்களூர் மாநகராட்சியில் ஒரு வார்டாக இருந்தது. 2020 செப்டம்பரில் கவுன்சிலர்களின் பதவிக்காலம் முடிந்தது. 2025 செப்டம்பரில் நகரம் 5 மாநகராட்சிகளாகப் பிரியும்வரை தேர்தல் நடக்கவில்லை. அந்த 5 ஆண்டுகளும் சாக்கடை அடைத்தாலும், தெருவிளக்கு எரியாவிட்டாலும், வேலைக்கு லீவு போட்டு ஆபீஸ் படி ஏறவேண்டி இருந்தது.

கை பம்புக்காக நசீர் சாப் தீர்க்க நினைத்த குறையும் இதுதான்.